ஆள் எங்கே? ராஜன் வழக்கும் ஹேபியஸ் கார்ப்பஸ் என்ற இரண்டு சொற்களும்

1976 மார்ச் 1, பொழுது விடியும் நேரம். கோழிக்கோட்டை அடுத்த சாத்தமங்கலத்தில், இன்று என்.ஐ.டி. என்று பெயர் மாறியிருக்கும் மண்டலப் பொறியியல் கல்லூரிக்கு போலீஸ் வந்தது. இறுதியாண்டு மாணவர் ராஜனையும் இன்னொரு மாணவரையும் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு முன் பிப்ரவரி 28 அன்று நக்சல் குழு ஒன்று காயண்ணா காவல் நிலையத்தைத் தாக்கியிருந்தது. அந்தத் தாக்குதலை விசாரிக்க மலையோரக் கக்கயத்தில் போலீஸ் ஒரு முகாம் போட்டிருந்தது. பிடிபட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார்கள்.

கல்லூரி முதல்வர் சும்மா இருக்கவில்லை. மாணவனை போலீஸ் கொண்டுபோன செய்தியைப் பதிவுத் தபாலில் தகப்பனாருக்கு எழுதினார். ஒரு வருடம் கழித்து வழக்கின் மையமாக நின்ற காகிதங்களில் அதுவும் ஒன்று. தகப்பனார் டி.வி. ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். கல்லூரிக்குப் போனார், கக்கயம் போனார். முகாமுக்குள் அவரை விடவில்லை. பிறகு ஒரு வருடம் அவர் தட்டாத கதவில்லை. மாநில உள்துறை அமைச்சரைப் பார்த்தார், முதலமைச்சரைப் பார்த்தார், டெல்லிக்கு மனு மேல் மனுவாக எழுதினார். எல்லாவற்றிலும் கேட்டது ஒன்றுதான்: என் பையன் எங்கே?

சட்டத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு ரிட், அதாவது நீதிமன்றம் எழுத்தில் போடும் கட்டளை, உண்டு. ஹேபியஸ் கார்ப்பஸ். ஆனால் அந்த வருடம் அதைக் கேட்க முடியாது. ஏன் முடியாது, முடிந்தபோது என்ன கிடைத்தது என்பதைப் பார்க்கலாம். இந்த வழக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு லத்தீன் சொல் உட்கார்ந்திருக்கிறது. அகராதியில் அவற்றுக்கெல்லாம் ஒரு வரிப் பொருள்தான். வழக்குக்குள் போனால் அந்த ஒரு வரி போதவில்லை.

இரண்டு சொல், ஒரு கட்டளை

ஹேபியஸ் என்பது வினை. கார்ப்பஸ் என்பது உடல். "உடலை நீ வைத்திருப்பாயாக" என்று பொருள். நம் இலக்கணத்தில் வியங்கோள் என்போமே, ஏறக்குறைய அந்தத் தொனி. இங்கே கவனிக்க வேண்டியது 'நீ'. அந்த நீ யார்? மனுதாரர் இல்லை, நீதிபதியும் இல்லை. சிறைக்காரன். இங்கிலாந்து மன்னர் பெயரில் சிறைக்காரனுக்குப் போன கடிதம் இது. இன்னாருடைய உடல் உன் காவலில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதை, பிடித்த நாளோடும் பிடித்ததற்கான காரணத்தோடும் சேர்த்து, எம் முன் கொண்டுவந்து வை என்று கடிதம் சொல்லும். பழைய லத்தீன் வாசகத்தில் 'டியே எட் காவ்சா' என்று ஒரு தொடர் வரும். நாளும் காரணமும் என்று அர்த்தம். ஆக, ரிட் கேட்பது உடலை மட்டுமல்ல. உடலும் காரணமும் சேர்ந்து வர வேண்டும்.

தொடக்கத்தில் இதற்கும் சுதந்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கோர்ட்டுக்கு வராதவனை இழுத்துவரப் பயன்பட்ட சாதாரண நடைமுறைக் கடிதம்தான். ஆளை உள்ளே இழுக்கப் பிறந்த காகிதம் பல நூற்றாண்டு கழித்து ஆளை வெளியே எடுக்கும் கருவியானது. 1679இல் இங்கிலாந்து அதற்கென்று தனிச் சட்டமே போட்டது.

ரிட் ஒழுங்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1772ஆம் ஆண்டின் சோமர்செட் வழக்கைக் காட்டலாம். ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையை ஜமைக்காவுக்கு அனுப்பி விற்பதற்காக லண்டனில் ஒரு கப்பலில் கட்டிவைத்திருந்தார்கள். ரிட் கப்பல் தலைவனுக்குப் போனது. அவன் சோமர்செட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். காரணமும் சொன்னான்: இவன் இன்னாருடைய அடிமை, முதலாளி ஒப்படைத்தார், வைத்திருக்கிறேன். உடல் வந்தது, காரணம் வந்தது. அந்தக் காரணம் இங்கிலாந்துச் சட்டத்தில் செல்லாது என்றார் மான்ஸ்ஃபீல்ட் பிரபு. சோமர்செட் நடந்து வெளியே போனார்.

தமிழில் இதற்கு ஆட்கொணர்வு என்று பெயர் வைத்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது, 226ஆவது பிரிவுகளில் வரும் ஐந்து ரிட்டுகளுக்கும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. கட்டளையுறுத்தும், தடையுறுத்தும் என்று தொடங்கும் மற்றவை பள்ளிப் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டன. செர்ஷியோராரியின் தமிழ்ப் பெயரை வக்கீலிடமே கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார். ஆட்கொணர்வு மட்டும் செய்தித்தாளுக்கு வந்து, டீக்கடைக்கும் வந்துவிட்டது. காதலித்து ஊரைவிட்டுப் போன பெண்ணின் தகப்பனார்கூட இன்று "ஆட்கொணர்வு போட்டிருக்கேன்" என்று சொல்கிறார். குண்டர் சட்டத்தில் உள்ளே போனவர் வீட்டில் அதையே ஹெச்.சி.பி. என்பார்கள்.

நல்ல சொல்தான், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனாலும் லத்தீனிலிருந்து தமிழுக்கு வரும்போது இரண்டு விஷயங்கள் மாறிவிட்டன. ஒன்று, அந்த 'நீ' காணாமல் போனது. யார் கொணர வேண்டும் என்பது ஆட்கொணர்வு என்ற சொல்லுக்குள் இல்லை. இரண்டாவது, உடல் ஆள் ஆகிவிட்டது. தமிழில் ஆள் என்றால் உயிருள்ள ஆள்தான். செத்த நிமிடத்தில் ஆள் போய், உடல், பிரேதம், சடலம் வந்துவிடும். ஜி.எச். சவக்கிடங்கு வாசலில் நிற்கிறவர்கள் "பாடி எப்ப தருவாங்க" என்றுதான் கேட்பார்கள். ஆள் என்ற சொல் அங்கே யார் வாயிலும் வராது. லத்தீன் கார்ப்பஸ் இரண்டுக்கும் பொது. உயிருள்ள உடம்பும் அதுதான், பிணமும் அதுதான். (அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் அடிபடும் கார்ப்பஸ் ஃபண்டும் இதே சொல்தான். அங்கே அது கைவைக்காத மூலதனம்.) கொண்டுவரப்படுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று தமிழ்ச் சொல் முன்கூட்டியே நம்பிவிடுகிறது. லத்தீன் அப்படி எதையும் நம்பவில்லை.

உடலும் போனது, காரணமும் போனது

ராஜன் வழக்குக்கு முன்னால் உச்ச நீதிமன்றத்தில் நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலாவது 1973. நக்சல்பாரித் தலைவர் கனு சன்யால் விசாகப்பட்டினம் சிறையிலிருந்தபடி ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்டார். அவரை டெல்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தித்தான் வழக்கைக் கேட்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. வேண்டியதில்லை என்றது அரசமைப்பு அமர்வு. தீர்ப்பை எழுதியவர் பகவதி. ரிட்டின் வரலாற்றை விரிவாகச் சொல்லி அவர் வந்து சேர்ந்த முடிவு இது: ஆளைக் கொண்டுவருவது ரிட்டின் உயிர்நாடி அல்ல, காவல் சட்டப்படியானதா என்று பார்ப்பதுதான் உயிர்நாடி. நடைமுறையில் இதைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தடுப்புக் காவல் மனுவுக்கும் ஆளை ரயிலேற்றிக் கொண்டுவர முடியுமா? ஆனால் அன்றைக்கு நடந்ததை நேராகச் சொன்னால், ஹேபியஸ் கார்ப்பஸில் கார்ப்பஸ் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. காரணம் மட்டும் மிஞ்சியது.

மூன்று வருடத்தில் காரணத்துக்கும் அந்தக் கதி வந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. 14, 21, 22ஆவது பிரிவுகளின்கீழ் உள்ள உரிமைகளுக்காக எந்த நீதிமன்றத்தையும் நாட முடியாது என்று அது சொன்னது. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் சட்டம் திருத்தப்பட்டது. இருந்தும் பல உயர் நீதிமன்றங்கள் மனுக்களை விசாரிக்கலாம் என்றன. அரசு மேல்முறையீடு போனது. ஏ.டி.எம். ஜபல்பூர் என்று இன்றும் வக்கீல்கள் சொல்லும் அந்த வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 1976 ஏப்ரல் 28. ஐந்து நீதிபதிகள், ரே, பேக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி ஒரு பக்கம், கன்னா தனியாக ஒரு பக்கம்.

பெரும்பான்மை சொன்ன விடையில் இரண்டு லத்தீன் தொடர்கள் இருக்கின்றன. அந்த ஆணை இருக்கும்வரை ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்க எவருக்கும் 'லோகஸ் ஸ்டாண்டி' இல்லை என்பது ஒன்று. காவல் ஆணை 'மாலா ஃபிடெஸ்' கொண்டது என்றாலும் எதிர்க்க முடியாது என்பது இன்னொன்று. மாலா ஃபிடெஸ் என்றால் கெட்ட எண்ணம், துர்நோக்கம். லோகஸ் ஸ்டாண்டி என்பதற்கு வழக்காடும் தகுதி, மனுச்செய்யும் உரிமை என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நிற்கும் இடம்'. அவ்வளவுதான். இப்படி நேராகச் சொன்னால்தான் தீர்ப்பின் கனம் தெரிகிறது. வாசலில் வந்தவரிடம் "உன் வழக்கு தோற்றுவிட்டது" என்று சொல்லவில்லை. "உனக்கு நிற்க இடமில்லை" என்று சொன்னார்கள். ஒரு லத்தீன் தொடர் இன்னொன்றின் கழுத்தைப் பிடித்த இடம் இது.

விசாரணையின்போது கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்ட கேள்வி இன்றும் சொல்லப்படுகிறது. சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்பதே தன் வாதத்தின் விளைவு என்று டே ஒத்துக்கொண்டார். நீதிமன்ற அறையில் அது ஒரு கற்பனைக் கேள்வி. தீர்ப்பு வந்த ஏப்ரல் 28க்கு ஐம்பத்தேழு நாள் முன்பே கக்கயத்தில் ஒரு மாணவன் செத்துவிட்டான் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

'இன்டர் ஆர்மா சைலன்ட் லேகஸ்' என்று சிசரோ வழியாக வந்த பழமொழி ஒன்று உண்டு. ஆயுதம் மோதும்போது சட்டங்கள் வாய் மூடும் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1941இல், லண்டனில் ஒரு தடுப்புக் காவல் வழக்கில் நீதிபதி அட்கின் பிரபு இதைத் திருப்பிப் போட்டார்: இந்த நாட்டில் ஆயுத மோதலுக்கு நடுவிலும் சட்டங்கள் மௌனமாவதில்லை என்றார். அவரும் அந்த வழக்கில் தனியாளாக நின்ற மாற்றுக் கருத்தர்தான். கன்னாவின் மாற்றுத் தீர்ப்பும் அதே வழியில் போனது: 21ஆவது பிரிவே இல்லையென்று வைத்தாலும், சட்ட அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு உரிமை கிடையாது. அடுத்த வருடம் தலைமை நீதிபதி பதவி மூப்புப்படி அவருக்கு வர வேண்டியது. பேக்குக்குப் போனது. கன்னா விலகினார்.

பகவதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1976இல் நிற்க இடமில்லை என்றவர்களில் ஒருவர், 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் அதே லோகஸ் ஸ்டாண்டியை அகலத் திறந்துவிட்டார். பாதிக்கப்பட்டவருக்காக வேறு எவரும் வரலாம், தபால் அட்டை போட்டாலும் மனுதான் என்ற பொதுநல வழக்கு யுகம் அவர் கையால் வந்தது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று முதிய வயதில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சொல் ஒன்றுதான், நிற்கும் இடம். அது எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானித்தது அகராதி இல்லை.

மனு

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மார்ச் 25 அன்று ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போட்டார். நான்கே நாள். அதே மார்ச் 25 அன்றுதான் கே. கருணாகரன் கேரள முதலமைச்சராகப் பதவியேற்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் உள்துறை அமைச்சர்.

அரசுத் தரப்பின் பதில் பிரமாணப் பத்திரங்களாக வந்தது. போலீஸ் உயரதிகாரிகளும் கருணாகரனும் தாக்கல் செய்தார்கள். சாரம் ஒன்றே: ராஜன் என்பவர் கைது செய்யப்படவே இல்லை, எங்கள் காவலில் இருந்ததே இல்லை.

அஃபிடவிட் என்பதும் லத்தீன்தான். அது ஒரு முழு வாக்கியம்: "அவர் சத்தியம் செய்திருக்கிறார்." பெயர்ச்சொல் அல்ல, இறந்தகால வினை. பத்திரத்தின் முதல் சொல்லாக இருந்து, பிறகு பத்திரத்துக்கே பெயராகிவிட்டது. அதன் வேர் நம்பிக்கையைக் குறிக்கும் ஃபிடெஸ். மாலா ஃபிடெஸில் வந்த அதே ஃபிடெஸ். தமிழில் பிரமாணம் என்கிறோம். அதற்குச் சத்தியம் என்றும் பொருள், சான்று என்றும் பொருள். இந்த இரட்டைப் பொருள்தான் ஆபத்து. ரிட் வழக்குகளில் கோர்ட் வழக்கமாகச் சாட்சிக் கூண்டைத் திறப்பதில்லை. இரு தரப்பு அஃபிடவிட்டையும் படித்து முடித்துவிடும். அரசாங்கம் சத்தியம் செய்து இல்லை என்றால், அந்தச் சத்தியமே சான்றாகிவிடும். பெரும்பாலான மனுக்கள் அந்த இடத்தில் செத்துப்போகும்.

நீதிபதிகள் சுப்ரமணியன் போற்றியும் காலித்தும் அங்கே நிற்கவில்லை. சாட்சிகளை அழைத்தார்கள். கல்லூரி முதல்வர் வந்தார். விடுதியிலிருந்து கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் வந்தார்கள். கக்கயம் முகாமில் ராஜனைக் கண்ணால் கண்ட சக கைதிகள் வந்தார்கள். முகாமில் நடந்ததற்கு அவர்கள் சொன்ன சொல் 'உருட்டல்'. மலையாளத்துக்கும் தமிழுக்கும் இதில் ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. பெஞ்சில் படுக்கவைத்துக் கட்டி, தொடைமேல் உலக்கையை அழுத்தி உருட்டுவது.

ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு. மனு போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ராஜனை போலீஸ் பிடித்தது உண்மை, கக்கயம் முகாமில் அவர் காவலில் இருந்தது உண்மை என்றது நீதிமன்றம். ஏப்ரல் 21 அன்று அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முடியாது என்றால் அதற்காக என்னென்ன செய்தார்கள் என்ற விவரம் தர வேண்டும் என்று ரிட் பிறப்பித்தது. ஒரு வருடத்துக்கு முன் உச்ச நீதிமன்றம் வாயடைத்துவைத்த இரண்டு சொற்கள் கொச்சியில் மறுபடி வாய் திறந்தன. அந்த 'நீ' இப்போது பெயரோடும் பதவியோடும் இருந்தது.

இல்லாத உடல்

ரிட்டுக்குச் சிறைக்காரன் தரும் பதிலை ஆங்கிலேய வழக்கில் ரிட்டர்ன் என்பார்கள். உடல் என்னிடம் இல்லை என்பதும் ஒரு ரிட்டர்ன்தான். அதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது பழைய தகராறு. 1892இல் லண்டனில் அநாதை இல்லம் நடத்திய டாக்டர் பர்னார்டோ, குழந்தையை ஏற்கெனவே வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன், என் காவலில் இல்லை, எனவே ரிட்டே செல்லாது என்றார். அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. கைமாறிவிட்டது என்பது பதிலாக இருக்கலாம், ஆனால் ரிட்டை வரவிடாமல் தடுக்க அது காரணமாகாது. வந்து விளக்கம் சொல் என்றது. என் பார்வையில் ஹேபியஸ் என்ற வினையின் உண்மையான பலம் இதுதான். உடலைக் கொண்டுவர முடிந்தாலும் முடியாவிட்டாலும், வைத்திருந்தவன் வாயைத் திறந்தாக வேண்டும்.

கேரளத்தில் வாய் திறந்தது. பின்னால் தாக்கலான பிரமாணப் பத்திரங்களில் கதை தலைகீழானது. ராஜன் காவலில் இருந்தது உண்மைதான், 1976 மார்ச் 2 அன்று கக்கயம் முகாமில் இறந்துவிட்டார். அதாவது பிடித்த மறுநாளே. தகப்பனார் ஒரு வருடம் கதவு கதவாக ஏறி இறங்கியபோது மகன் இல்லை. உடல் எங்கே? அதற்கு இன்றுவரை பதிலில்லை.

கருணாகரன் ஏப்ரல் 25 அன்று பதவி விலகினார். முதலமைச்சராகி ஒரு மாதம். பொய்ப் பிரமாணம் தாக்கல் செய்ததாக அவர்மீது புகார் கொடுக்க உயர் நீதிமன்றம் முடிவெடுத்தது. அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். அங்கே கேள்வி 'ப்ரைமா ஃபேஸி' என்ற சொல்லில் வந்து நின்றது. முதல் முகத்தில், முதல் பார்வையில் என்று பொருள். தமிழ்ச் செய்திகளில் வரும் முகாந்திரம் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு முகம் இருப்பது தற்செயலா தெரியாது, ஆனால் பொருத்தமாக இருக்கிறது. முகாந்திரம் இருக்கிறது என்பதற்கும் குற்றம் நிரூபணமானது என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் உண்டு. முகம் தெரிகிறது, ஆள் யாரென்று இனிமேல்தான் தெரிய வேண்டும். உச்ச நீதிமன்றம் புகாரை நிறுத்த மறுத்தது, அதே மூச்சில் இது குற்றத்தீர்ப்பு இல்லை என்ற எல்லையையும் காத்தது. அந்த விவகாரம் தண்டனையில் முடியவில்லை. பிற்பாடு கருணாகரன் பலமுறை மீண்டும் முதலமைச்சரானார்.

கோயம்புத்தூரில்

போலீஸ் அதிகாரிகள் மீதான குற்ற வழக்கு கேரளத்துக்கு வெளியே, கோயம்புத்தூர் அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. இங்கே இன்னொரு கார்ப்பஸ் குறுக்கே வந்தது. 'கார்ப்பஸ் டெலிக்டி'.

வக்கீல் குமாஸ்தாவிலிருந்து துப்பறியும் கதை எழுதுகிறவர் வரை இதைப் பிணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிணம் கிடைக்காவிட்டால் கொலை வழக்கே இல்லை என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்ததுதான். டெலிக்டி என்றால் குற்றத்தின். குற்றத்தின் உடல் என்பது கொலையானவரின் உடல் அல்ல. ஒரு குற்றம் நடந்தது என்ற உண்மை, அந்த உண்மையின் திரட்சி. திருட்டுக்கும் கார்ப்பஸ் டெலிக்டி உண்டு, தீவைப்புக்கும் உண்டு. கொலை என்றால் இரண்டு விஷயம் காட்ட வேண்டும்: ஒருவர் இறந்தார், இன்னொருவர் செயலால் இறந்தார். உச்ச நீதிமன்றம் 1981இல் ராமானந்த் வழக்கில் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னது: உடல் கிடைப்பது வலுவான சான்று, ஆனால் அது இல்லாமலும் வேறு நம்பகமான சான்றால் மரணத்தை நிரூபிக்கலாம்.

பழைய பயத்துக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. 1660இல் இங்கிலாந்தின் காம்ப்டனில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமல் போனார். கொன்றுவிட்டதாக ஒரு தாயையும் இரண்டு மகன்களையும் தூக்கில் போட்டார்கள். 1662இல் ஹாரிசன் நடந்து ஊருக்கு வந்தார். பதினேழாம் நூற்றாண்டு நீதிபதி மேத்யூ ஹேல், உடலாவது கிடைக்காமல் கொலைக்கு எவரையும் தண்டிக்க மாட்டேன் என்று எழுதிவைத்ததற்குப் பின்னால் இந்த மாதிரிக் கதைகள்தான் இருந்தன. அப்பாவிகளைக் காப்பாற்றப் பிறந்த எச்சரிக்கை அது. உடலை மறைக்க வசதி உள்ளவனுக்கும் அதே எச்சரிக்கை கேடயமாகும் என்பது ஹேலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் முகாமும் வண்டியும் ஆட்களும் அதிகாரமும் கொண்ட போலீஸ் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்திருப்பாரா?

கோயம்புத்தூரில் கொலைக் குற்றம் நிலைக்கவில்லை. அதைவிடச் சிறிய குற்றங்களுக்கு, 1978இல், அதிகாரிகள் சிலருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போனபோது அதுவும் நிற்கவில்லை. கொச்சியில் ரிட் நீதிமன்றம் கண்டறிந்த உண்மைக்கும் குற்ற நீதிமன்றம் கேட்கும் நிரூபணத்துக்கும் உள்ள இடைவெளியில் வழக்கு விழுந்தது. இதைத் தவறான தீர்ப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹேபியஸ் கார்ப்பஸில் 'நீ சொல்' என்று சிறைக்காரனை நெருக்கலாம், அவன் வாய் மூடியிருந்தால் அதையே அவனுக்கு எதிராக எடுக்கலாம். கொலை வழக்கில் அதே ஆள் குற்றம் சாட்டப்பட்டவன். அவன் வாய் திறக்கத் தேவையில்லை, நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் இங்கே அரசுத் தரப்பும் அரசுதான், போலீஸும் அரசுதான். உடல் எங்கே என்று தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

பிறகு வந்தவை

1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆவது பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்றாக்கியது. ஜபல்பூர் தீர்ப்பு மட்டும் சட்டப் புத்தகத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் ரத்தாகாமலே கிடந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதி அமர்வு அதைக் கவிழ்த்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையில் இருந்த சந்திரசூட்டின் மகன். செய்தித்தாள்கள் இந்தத் தகப்பன்-மகன் விஷயத்தையே பெரிதாகப் போட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது 1984இல் நடந்தது.

மணிப்பூரில் 1982 மார்ச்சில் ராணுவம் கூட்டிக்கொண்டு போன இருவர் திரும்பவில்லை. செபாஸ்டியன் ஹோங்ரே வழக்கு என்று அதற்குப் பெயர். ராணுவத்தின் பதில் அவர்களை விட்டுவிட்டோம் என்பது. நம்ப முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரிட் பிறப்பித்தது. ஆட்கள் வரவில்லை. 1984இல் நீதிமன்றம் இதற்கு மேலும் ஒரு படி போனது: இருவரும் இயற்கையல்லாத மரணம் அடைந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்து, இருவரின் மனைவியருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. கொலை நிரூபணமாகவில்லை, உடல் கிடைக்கவில்லை. உடலைக் கொண்டுவா என்ற கட்டளைக்கு உடல் வராததே விடையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ராஜன் வழக்கில் நீதிபதிகள் தொடங்கிவைத்த தர்க்கம் இங்கே பணமாக மாறியது. பணம் போதுமா என்பது வேறு பேச்சு.

தமிழில் இந்த விஷயம் இலங்கை வழியாகத் திரும்பி வருகிறது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், படையினரிடம் சரணடைந்த பிறகு காணாமல் போனவர்களுக்காக அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டார்கள். கண்முன்னே ஒப்படைத்தோம், பேருந்தில் ஏற்றினார்கள், இப்போது எங்கே என்பதுதான் மனு. அந்தப் பெண்கள் தங்கள் போராட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றிவிட்டார்கள். முதலில் எல்லாரும் 'காணாமல் போனோர்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். போனது யார்? அவர்களாகவா போனார்கள்? அவர்கள் பதாகைகளில் அது 'காணாமல் ஆக்கப்பட்டோர்' ஆனது. ஆட்கொணர்வு என்ற சொல்லில் விட்டுப்போன அந்த 'நீ' அங்கே, ஒரு செயப்பாட்டு வினைக்குள், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

சாத்தமங்கலம் கல்லூரியில் ஆண்டுதோறும் நடக்கும் கலைவிழாவுக்கு ராகம் என்று பெயர். ராஜன் நன்றாகப் பாடுவார். அவர் நினைவாக வைத்த பெயர் அது.